மூன்று துளைக் கணக்கு

ஸ்ரீபெரும்புதூர் ஹாஸ்டல்
4.5.2026

அன்புள்ள துர்கா,

நலம்தானே? வேலை நேரம் முழுக்க போனை கேட்டில் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். படம் போட்டுக் கேட்கவும் வேண்டும். அதனால் காஞ்சிபுரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்துபோகும் ஜீவிதாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வுக்கு இன்னும் பதிமூன்று நாள். மூன்று துளைக் கணக்கு வரவே இல்லை. ஒரு துளையைத் திறந்தால் திரையில் ஒரு புள்ளியில் வெளிச்சம். மூன்றையும் திறந்தால் மும்மடங்கு என்று எழுதினேன். புத்தகத்தில் விடை இருட்டு. எப்படிடி?

தேர்வு ஞாயிறு காலை. அன்றைக்கு எனக்கு ஏ ஷிப்ட், காலை வேலை. லீவு கேட்டால் கான்ட்ராக்டர் பாலாஜி சிரிக்கிறார்: "ஸ்க்ரூ முடுக்கறதுக்கு எம்.எஸ்சி. எதுக்குமா?" அவர் மகள் கல்யாணப் புடவைகள் உங்கள் வீட்டுத் தறியில்தான் இருக்கின்றன. உன் அப்பா ஒரு வார்த்தை சொன்னால் போதும். கேட்கிறாயா?

உன் அபி

காஞ்சிபுரம்
6.5.2026

என் அபிக்கு,

மூன்று வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்தும் அதே தப்பு! வெளிச்சத்தைக் கூட்டாதே. ஒவ்வோர் அலையையும் ஓர் அம்பாக வரை. அதுதான் ஃபேசர். அம்பின் நீளம் அலையின் வீச்சு, திசை அதன் கட்டம், அதாவது ஃபேஸ். ஓர் அம்பின் முனையில் அடுத்ததைத் தொடங்கு. திரையின் அந்தப் புள்ளியில் ஒவ்வொன்றும் நூற்றிருபது டிகிரி திரும்புகிறது. மூன்றாவது அம்பு புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும். முக்கோணம் மூடிக்கொண்டது, மிச்சம் பூஜ்யம். மூன்றும் ஒரே திசையில் நின்றாலோ ஒன்பது மடங்கு வெளிச்சம்!

அப்பாவிடம் கட்டாயம் கேட்கிறேன். எம்.எஸ்சி.யிலும் நமக்கு ஒரே பெஞ்ச்.

துர்காதேவி

13.5.2026

துர்கா,

புரிந்துவிட்டது. பத்து கணக்கு போட்டேன், பத்தும் சரி. ஹால் டிக்கெட் தலையணை உறைக்குள் இருக்கிறது. அப்பா என்ன சொன்னார்?

அபி

19.5.2026

அன்பு அபி,

மன்னித்துவிடு. அப்பா போன வாரம் முழுக்க ஊரிலேயே இல்லை, கேட்க முடியவில்லை. தேர்வில் மூன்று துளைக் கணக்கே வந்தது. உன்னை நினைத்துக்கொண்டே போட்டேன். நீ அடுத்த வருஷம் எழுதலாம்.

துர்கா

22.5.2026

துர்கா,

போன வெள்ளிக்கிழமை உன் அப்பா எங்கள் கம்பெனி வாசலில் நின்றார். பாலாஜிக்குப் புடவைப் பெட்டி கொண்டுவந்திருந்தார். வணக்கம் சொல்லி நானே கேட்டேன்.

"யாருமா நீ? துர்கா கூடப் படிச்சியா? சொன்னதே இல்லியே. எந்த ஊரு?"

"திருப்புட்குழிங்க."

"ஊர்லயா, காலனியிலயா?"

சொன்னேன். பெட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "வெயிலா இருக்குது, போய்க்கினு இரும்மா" என்றார். பாலாஜி மறுபடியும் சிரித்தார்.

மூன்று வருஷத்தில் உன் வீட்டில் என் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. அன்றைக்கே போன் செய்திருப்பேன். நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன். பயமாக இருந்தது என்று எழுதியிருந்தால் பொறுத்திருப்பேன். ஊரில் இல்லை என்று எழுதினாய்.

நீ நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தாய். ஏ, பி, சி ஷிப்ட்களை அம்பாக வரைந்து பார்த்தேன். எட்டு மணி நேரத்துக்கு நூற்றிருபது டிகிரி. வாரம் ஒரு ஷிப்ட், மூன்று வாரத்தில் புறப்பட்ட இடம். நீ அந்தக் கேள்விக்கு முக்கோணம் போட்ட நேரத்தில் நான் ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தேன்.

என் ஹால் டிக்கெட்டை இதோடு வைத்திருக்கிறேன். அதில் போட்டோ இருக்கிறது. யார் இது என்று வீட்டில் கேட்டால் என்ன சொல்வாயோ சொல். எனக்கு எழுதாதே. உன் கடிதம் எதையும் வாங்க வேண்டாம் என்று ஜீவிதாவிடம் சொல்லிவிட்டேன்.

அபி