விமானத்தில் வெறுமையாக வந்த இருக்கை

பார்க் எக்ஸ்டென்ஷன், மொன்றியல்
ஏப்ரல் 6

என் அன்பு ஜெயனி,

மாதத்துக்கு ஒரு விமானம்தான் உங்கள் முகாமுக்கு வரும் என்பதால் எல்லாவற்றையும் இதிலேயே கொட்டுகிறேன். செயற்கைக்கோள் போன் ஆபத்துக்கு மட்டும் என்றீர். அது அடிக்காத நாளெல்லாம் நல்ல நாள் என்று மனதைத் தேற்றப் பார்க்கிறேன்.

நேற்று உயிர்த்த ஞாயிறு. றெபேக்கா முதன்முதலாக நற்கருணை வாங்கப் போடும் முதல்நன்மைச் சட்டை தைத்து வந்துவிட்டது. "அம்மா பாக்கும்வரைக்கும் ஒருத்தருக்கும் காட்டமாட்டன்" என்று அலுமாரிக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள். மே பதினேழுதான் அந்த நாள். வருவதாக வாக்குக் கொடுத்தது நீர்தான்.

அந்தக் காலத்தில் துருவம் தேடிப்போய்ச் செத்தவர்களின் தடத்தைத் தேடி, உயிரோடு இருக்கிற எங்களை விட்டுப்போனீர் என்று சில நேரம் கோபம் வருகிறது. எழுதிவிட்டேன், குறை நினைக்காதையும்.

உம்முடைய,
அன்டன்

*

பனிமுகாம்
ஏப்ரல் 12

இஞ்சையப்பா,

எழுத்திலும் உங்களை இப்படித்தான் கூப்பிட வருகிறது. கோபத்தையும் எழுதினதுதான் நல்லது.

நாங்கள் தேடிவந்த, அந்தத் துருவப் பயணிகள் கடைசியாகத் தங்கிய குடிலைக் கண்டுபிடித்துவிட்டோம். என்னோடு முகாமில் இருக்கும் லூக், மேரி, நான் மூவரும் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு போனோம். என் கன்னத்தில் தோல் உரிந்துவிட்டது. மேரிக்கு வெண்பனி வெளிச்சத்தில் கண் எரிந்து, இரண்டு நாள் கட்டுப் போட்டிருந்தாள்.

குடிலுக்குள் ஒரு பானை. அதில் சப்பாத்துத் தோலை அவித்துத் தின்றிருக்கிறார்கள். வெளியே அவர்களே கல் அடுக்கிய மூன்று கல்லறைகள். பட்டினியோடு எப்படி அவ்வளவு கல் சுமந்தார்களோ! நாலாவது ஆளைப் புதைக்க யாரும் மிஞ்சவில்லை. அவர் கட்டிலிலேயே கிடந்தாராம். பல வருடம் கழித்து வந்தவர்கள்தான் புதைத்தார்கள். அந்தக் கட்டிலைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த விமானத்தில் வருவேன். லூக்கும் மேரியும் ஜூன்வரை இருப்பார்கள். உங்கள் கழுத்து மணத்துக்கு ஏங்குகிறேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

உங்கள்,
ஜெயனி

*

பனிமுகாம்
மே 12

இஞ்சையப்பா,

விமானி அவசரப்படுத்துகிறார். பனித்தட்டு பிளந்து லூக் தண்ணீருக்குள் விழுந்துவிட்டான். இரண்டு காலும் விறைத்துக் கறுத்துவிட்டன. அவனை ஸ்ட்ரெச்சரில் அனுப்புகிறோம். பக்கத்தில் ஒரேயோர் இருக்கைதான் மிச்சம். நான் ஏறினால் மேரி இங்கே தனியே. அவள் ஏறினால் நான். அடுத்த விமானம் ஜூனில்தான்.

இருக்கை வெறுமையாகவே வருகிறது. என்னை மன்னியுங்கள். பிள்ளைக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஜெயனி

*

பார்க் எக்ஸ்டென்ஷன், மொன்றியல்
மே 18

என் ஜெயனி,

பூக்கொத்தோடு நானும் பிள்ளையும் விமான நிலையத்தில் நின்றோம். ஸ்ட்ரெச்சரில் ஒரு தாடிக்காரன் வந்தான், கையில் உம்முடைய கடிதம். அங்கேயே படித்தேன். பூவைக் குப்பையில் போட்டேன். அன்றிரவு எழுதிய கடிதத்தை நீர் படிக்கப்போவதில்லை, கிழித்துவிட்டேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். லூக்கோடு சண்டை பிடிக்கத்தான் போனேன் போலிருக்கிறது. அவனுக்குக் கால்விரல்கள் எல்லாவற்றையும் எடுக்க வேண்டுமாம். நீரும் மேரியும் அவனைப் பனியில் இழுத்து வந்ததைச் சொன்னான். "நீ போ, உனக்குப் பிள்ளை இருக்கு" என்று மேரி உம்மை விமானத்தை நோக்கித் தள்ளினாளாம். நீர் படியில் கால் வைத்து, அழுதுகொண்டே இறங்கினீராம். இதை ஏனப்பா எனக்கு எழுதவில்லை?

நேற்று முதல்நன்மை நல்லபடி முடிந்தது. பக்கத்து வீட்டு அக்னெஸ் அக்கா பிள்ளைக்குத் தலைவாரி விட்டா. கோயிலால் வரும்போது றெபேக்கா கேட்டாள்:

"அப்பா, அம்மாவுக்கு எங்களைவிட மேரியைத்தான் விருப்பமோ?"

"இல்லைப் பிள்ளை. மேரியைத் தனிய விட்டிட்டு வந்திருந்தா, வீட்டை வந்தும் அம்மா அங்கைதான் இருந்திருப்பா."

அவளுக்கு விளங்கியதோ தெரியாது. எனக்கு, சொன்ன பிறகுதான் விளங்கியது.

மேரியையும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வாரும். ஜூன் விமானத்தில், இரண்டு பேரும்.

விளங்கினாலும் கட்டில் பெரிதாகத்தான் இருக்கிறது, ஜெயனி. வாரும்.

உம்முடைய,
அன்டன்