உம்மோடு முடிந்துபோன வழக்கு

எந்த வாசலிலும் எனக்கு முன்னால் போய் நிற்கும் என் சரோ மச்சாளுக்கு,

நீர் போய் ஒரு வருடம் ஆகிறது, உம்முடைய ஆட்டத்திவசம் வருகிறது. உம்முடைய அண்ணை ஐயரிடம் நாள் கேட்டுக்கொண்டு வந்துவிட்டார். கனடாவில் இருந்து உம்முடைய மகன் ரவியால் வர ஏலாதாம். லீவு இல்லை, வீடியோவில் பார்க்கிறேன் என்றான். அதனால் உமக்குச் செய்யவேண்டியதை உம்முடைய அண்ணைதான் செய்யப்போகிறார்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது வழக்கைப் பற்றிச் சொல்லத்தான். அது என்ன ஆனது என்று நீர் போனபிறகு யார் வந்து உமக்குச் சொல்லியிருப்பார்கள்? இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கும் அனுப்பப்போகிறேன். உம்மைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். அதனால் உமக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளும்.

யாழ்ப்பாணத்துத் தீவில் இருந்து பார்க்காதவர்களுக்கு எங்கள் தண்ணீரின் கதை விளங்காது. எந்த வீட்டு வளவில் தோண்டினாலும் தண்ணீர் வரும். வாயில் வைக்க முடியாது, அவ்வளவு உப்பு. நல்ல தண்ணீர் ஊறும் கிணறு ஒரு சின்னத் தெருவுக்கு, ஒழுங்கைக்கு ஒன்று இருந்தாலே பெரிய காரியம். சரவணையில் எங்கள் ஒழுங்கைக்கு வாய்த்த அந்தக் கிணறு உம்முடைய சீதன வளவில் இருந்தது. உம்முடைய அண்ணையைக் கட்டி நான் இந்த ஊருக்கு வந்த புதிதில், வாளியைக் கையில் தந்து, "மச்சாள், இது உம்மட வீட்டுக் கிணறு எண்டு நினையும். கேட்டுக்கொண்டு நிக்க வேண்டாம்" என்றீர்.

எனக்கு மட்டுமா சொன்னீர்? காலையும் மாலையும் ஒழுங்கைச் சனம் முழுக்க உம்முடைய படலையைத் திறந்துகொண்டு வரும். உம்முடைய கணவர் இறந்து, ரவியும் வெளிநாடு போய், நீர் தனித்துப்போன பிறகும் அந்தப் படலைக்குப் பூட்டுப் போடவில்லை. "பூட்டினால் நான் ஆரோட கதைக்கிறது?" என்று சிரிப்பீர்.

யுத்தம் முடிந்து, வீடுகளைத் திருத்திக்கொண்டிருந்த காலத்தில் ரோட்டுப் போட ஒரு கொம்பனி வந்தது. உம்முடைய வளவுக்குப் பின்னால் கிடந்த வெறுங்காணியில் கொட்டில் அடித்தார்கள். அங்கேதான் தார் காய்ச்சினார்கள், இயந்திரங்களைக் கழுவினார்கள். கழிவு எண்ணெயைக் கல் வெட்டின பழைய கிடங்குப் பள்ளத்தில் ஊற்றினார்கள். நீர் வேலிக்கு மேலால் அவர்களுடைய மேற்பார்வையாளனைக் கூப்பிட்டீர். நானும் பக்கத்தில் நின்றேன்.

"தம்பி, உதில எண்ணெய் ஊத்தாதையுங்கோ. பக்கத்தில கிணறு கிடக்கு. குடிக்கிற தண்ணி."

"பயப்பிடாதேங்கோ அக்கா. ஒரு மழை பெய்தால் எல்லாம் கழுவுப்பட்டுப் போயிடும்."

மரியாதையான பொடியன்தான். நீர் கொடுத்த தேத்தண்ணியையும் வாங்கிக் குடித்தான். அதுவும் அந்தக் கிணற்றுத் தண்ணீரில் போட்டதுதானே.

மழை பெய்தது. கழுவுப்பட்டது எங்கே போனது என்று வாளியில் பார்த்தோம். தண்ணீருக்கு மேலே மயில்கழுத்து நிறத்தில் ஒரு எண்ணெய்ப் படை. அதற்குள் கொம்பனி கிடங்கில் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போய்விட்டது. ரோட்டு நல்ல ரோட்டு, குறை சொல்ல ஏலாது. அதில்தான் பிறகு உம்மை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

வேறு தண்ணீர் எங்கே இருந்தது? படையை அள்ளி ஊற்றிவிட்டு, துணியில் வடித்து, காய்ச்சிக் குடித்தோம். குழாய்த் தண்ணீர் வரும்வரை வருடக்கணக்காக அதுதான். முதலில் மணத்தது. பிறகு பழகிவிட்டது. எப்படி ஒரு மணம் பழகிப்போகிறது?

எதிர்வீட்டு அண்ணைக்கு இரைப்பையில் புற்றுநோய் வந்தது. பிறகு மூலைவீட்டு ரீச்சருக்கு. பிறகு உமக்கு. சோறு இறங்குதில்லை என்றீர். வாய்வு என்று நினைத்து இஞ்சி அவித்துத் தந்தேன். தொண்டைக்குழாயில் புற்றுநோய் என்று சொன்ன அன்று, ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் இருந்துகொண்டு நீர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை இதுதான்:

"என்ர கிணத்துத் தண்ணியைத்தானே மச்சாள் எல்லாரும் குடிச்சவை."

உமக்கு வந்த நோய் வருத்தத்துக்கு நீர் அழவில்லை. நீர் அள்ளிக் கொடுத்ததற்கு அழுதீர்.

அதற்குப் பிறகுதான் வாசிகசாலையில் அந்தக் கூட்டம் நடந்தது. சுகாதாரப் பகுதியில் இருந்து ஒரு டொக்டர் வந்திருந்தார். நீர் எழும்பிக் கேட்டீர், "எங்கட ஒழுங்கையைத் தனியா எண்ணிப் பாக்கேலாதோ டொக்டர்? மற்ற இடங்களை விட இஞ்ச கூடவோ எண்டு அறியத்தான்."

அவர் நல்ல மனிசர். மறைக்காமல் சொன்னார். "அம்மா, வீதம் எண்டு பாக்கிறதுக்குக் கன சனம் இருக்கவேணும். உங்கட ஒழுங்கையில இருக்கிறதே கொஞ்சப் பேர். இதை வச்சு ஒண்டும் சொல்லேலாது. தற்செயலாவும் இருக்கலாம்."

"சனம் இருந்தது டொக்டர். அதுகள் கனடாவில, பிரான்சில. அங்கயும் இரண்டு மூண்டு பேர் இதால செத்தவை. அதுகளும் இந்தத் தண்ணி குடிச்சதுகள்தான்."

"அவை அங்க உள்ள கணக்கில வருவினம் அம்மா."

நீர் கதிரையில் இருந்துவிட்டீர். இடம்பெயர்ந்து, பிரிந்து, குறைந்துபோன சனம் நாங்கள். குறைந்துபோனபடியால் எங்கள் வருத்தமும் கணக்கில் ஏறாதாம். டொக்டர் போகும்போது உம்மிடம், "வெத்திலை போடுறனீங்களோ?" என்று கேட்டார். "ஓம்" என்றீர். பழியை வெத்திலையில் போடப்போகிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. வெளியில் வந்ததும், "ஏன் ஓம் எண்டனீர்?" என்று கேட்டேன்.

"போட்டனான்தானே. கலியாண வீட்டிலயும் கோயிலிலயும் போட்டனான். அதைப் பொய் சொன்னால் பேந்து கிணத்தைப் பற்றிச் சொல்லுறதையும் ஆர் நம்புவினம்?"

யாழ்ப்பாணத்தில் காசு வாங்காமல் வழக்குப் பேசும் சட்ட உதவிக்காரர் இருக்கிறார்கள் என்று நீர்தான் விசாரித்துப் பிடித்தீர். அங்கே இருந்த சட்டத்தரணி நிரோஜாவுக்கு எங்கள் பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். வந்து கிணற்றைப் பார்த்தாள், மூடின கிடங்கைப் பார்த்தாள். பிறகு உம்முடைய விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு ஒளிக்காமல் சொன்னாள்.

"அன்ரி, இது கஷ்டமான வழக்கு. இப்ப எடுத்த தண்ணிப் பரிசோதனையில பெரிசா ஒண்டும் இல்லை. இத்தனை மாரி கழுவிப்போட்டுது. அந்த எண்ணெயாலதான் உங்களுக்கு வந்தது எண்டு எந்த டொக்டரும் எழுதித் தரமாட்டினம். காலம் கடந்துபோச்சு எண்டும் அவை வாதாடுவினம். வருத்தம் எண்டு தெரிஞ்ச நாளில இருந்துதான் பாக்கவேணும் எண்டு நான் கேப்பன். வெல்லுவம் எண்டு நான் சொல்லமாட்டன்."

"வெல்லுறது பேந்து பாப்பம் பிள்ளை. அவங்களைக் கொண்டுவந்து நிப்பாட்டி, கிடங்குக்க என்ன ஊத்தினனியள் எண்டு கேக்க ஏலுமோ?"

"ஓம். அதைக் கேக்கலாம்."

"அப்ப போடும்."

வேறு யாரும் உம்மோடு சேரவில்லை. எதிர்வீட்டில் ஏலாது என்றார்கள். ரீச்சரின் மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். கான்சர்க் குடும்பம் என்று பெயர் வந்தால் யார் எடுப்பார்கள் என்று பயந்தார்கள். அவர்களைக் குறை சொல்லவேண்டாம் என்றீர். உம்முடைய அண்ணையும் சத்தம் போட்டார். "ஊரில ஒருத்தருக்கும் இல்லாத நியாயம் உனக்கு மட்டும் கிடைக்கப்போகுதோ? ஒழுங்கா மருந்தை எடு" என்று கத்திவிட்டு, முதல் கோட்டுத் தவணைக்கு அவர்தான் ஓட்டோ பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

கொம்பனியின் சட்டத்தரணி மறுமொழி போட ஒவ்வொரு தடவையும் தவணை கேட்டார். ஆவணங்கள் கொழும்பில் இருக்கின்றன என்றார். கொம்பனியின் பெயர் மாறிவிட்டது என்றார். கேட்ட தவணை கிடைத்தது. நீரும் நானும் பண்ணைப் பாலத்தால் பஸ்ஸில் போவோம், பின்னுக்குக் கிடக்கும் வாங்கில் இருப்போம், வழக்கைக் கூப்பிடுவார்கள், தள்ளி வைப்பார்கள், திரும்பி வருவோம். ஒவ்வொரு தவணைக்கும் உம்முடைய சட்டை ஒரு விரல் தளர்ந்துகொண்டு போனது.

கடைசியாகப் போன அன்று வெளியில் வந்து, "மச்சாள், ஐஸ்கிறீம் குடிப்பமே?" என்று கேட்டீர். உமக்குத் தேத்தண்ணியே இறங்குவதில்லை. கடையில் இருந்து, கரண்டியால் துளித் துளியாக நாக்கில் வைத்து, கரையக் கரைய விட்டுக்கொண்டிருந்தீர். பக்கத்து மேசையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சத்தம் போட்டுச் சிரித்தார்கள். "நல்லாயிருக்கு" என்றீர். குரல் வெளியில் வரவில்லை, வாயசைவில்தான் கண்டேன். கோப்பையில் பாதிக்கு மேல் உருகித் தண்ணீராய்க் கிடந்தது.

அடுத்த தவணைக்கு முதல் நீர் போய்விட்டீர்.

நீர் போன எட்டாம் நாள், எட்டுச் செலவுக்கு நிரோஜா வந்தாள். சாப்பிடவில்லை. குசினி வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டாள்.

"அன்ரி, அவ பட்ட நோவுக்கு நட்டஈடு கேட்டுத்தானே போட்டனாங்கள். எதிராளி மறுமொழி போட முதல் வழக்காளி செத்தால் அது அவவோட போயிடும். அவவின்ர கையை நம்பி, அவவில தங்கியிருந்த ஆக்கள் இருந்தால் அவை புதுசாக் கேக்கலாம். ரவி அண்ணா அங்க உழைக்கிறார். அவரைத் தங்கியிருந்தவர் எண்டு சொல்லேலாது."

அப்படியும் ரவியோடு கதைத்தேன். "அம்மா போயிட்டா மாமி, இனி ஏன்?" என்றான். அழுதான். அவனோடு நான் வாதாடவில்லை.

உம்மில் தங்கியிருந்தவர் யாருமில்லையாம், மச்சாள். சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறதாம். தனித்த மனுசி, பிள்ளை வளர்ந்துவிட்டான், உம்முடைய சாவால் ஒருவருக்கும் இழப்பில்லை. அப்ப நான் யார்? விடிந்தால் யாரோடு கதைப்பது என்று தெரியாமல் உம்முடைய படலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேனே, அது என்ன?

கொம்பனி கடைசிவரை ஒரு சொல் சொல்லவில்லை. கிடங்கில் என்ன ஊற்றினார்கள் என்று ஒருவரும் அவர்களைக் கேட்கவில்லை. உம்முடைய கிணற்றுக்கு மேலே இரும்பு வலை போட்டிருக்கிறது. வலைக்குள்ளால் பார்த்தால் தண்ணீர் தெளிந்துதான் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் "நல்ல கிணறு, ஏன் மூடி வச்சிருக்கிறியள்?" என்று கேட்கிறார்கள்.

போன கிழமை சுகந்தி வந்தாள். ரவியோடு படித்தவள், உம்முடைய வளவுக்கு அடுத்த வீட்டுக்காரி. இரத்தத்தில் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். அவளுடைய மகள் இன்னும் பாலர் வகுப்பில்தான். உள்ளே வா என்றேன், வரவில்லை. முற்றத்தில் நின்றே கேட்டாள்.

"மாமி, சரோ மாமியின்ர வழக்கு என்ன மாதிரி முடிஞ்சது?"

"தீர்ப்பு ஒண்டும் வரேல்லைப் பிள்ளை. அவ முடிஞ்சுபோனா, வழக்கும் அவவோட போச்சு."

"நான் போட்டால்?"

உம்முடைய அண்ணை உள்ளே இருந்து எழும்பி வந்தார். "பிள்ளை, நீ மருந்தைப் பார். கோட்டுக்கு அலைஞ்சு என்ர தங்கச்சி கண்டது என்ன?" அவர் பிழையாகச் சொல்லவில்லை. அந்த அலைச்சல் உம்முடைய உயிரில் கொஞ்சத்தைத் தின்றது என்று நானும்தான் நினைக்கிறேன்.

சுகந்தி என் பக்கம் திரும்பினாள். என்னைப் பார்த்து, "மாமி, என்னோட வருவீங்களோ?" என்று மட்டும் கேட்டாள்.

போனோம். நிரோஜா எல்லாவற்றையும் கேட்டாள். உமக்குச் சொன்ன அதே கஷ்டங்களை அவளுக்கும் சொன்னாள்.

"இதில ஒரு வித்தியாசம் இருக்கு அக்கா. உங்களுக்குச் சின்னப் பிள்ளை இருக்கு. அதால..." என்றவள் மேலே சொல்லமுடியாமல் நிறுத்திவிட்டாள். சட்டத்தரணியின் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான்.

சுகந்திதான் அதை முடித்தாள். "நான் செத்தாலும் வழக்குச் சாகாது. என்னில தங்கியிருக்கிற பிள்ளை கேக்கலாம். அதுதானே தங்கச்சி?"

"ஓம்."

"அப்ப போடுங்கோ."

பஸ்ஸில் திரும்பி வந்தோம். பண்ணைக் கடலில் தண்ணீர் வற்றிக் கிடந்தது. என்ன நியாயம் இது மச்சாள்? தாயில்லாமல் போகப்போகும் ஒரு பிள்ளைதான் எங்கள் ஒழுங்கையின் பலம் என்றால், அப்படி ஒரு பலம் எங்களுக்கு எதற்கு? எனக்கு விளங்கவில்லை. உமக்கு விளங்கினால் கனவிலாவது வந்து சொல்லும்.

வெல்லுவோம் என்று உமக்கு வாக்குத் தர என்னால் ஏலாது. கேள்வி அவர்கள் காதுவரை போகும் என்றுகூடச் சொல்ல ஏலாது. சுகந்தியால் நடக்கமுடிகிற தவணைகளுக்கு அவளோடு போவேன். அவளால் முடியாத தவணைகளுக்குத் தனியாகப் போய் அவள் பெயரைக் கூப்பிடும்போது எழும்பி நிற்பேன். அவள் இல்லாத தவணை வரும். அன்றைக்கு அவளுடைய மகளின் தலையை வாரி இழுத்து, வெள்ளைச் சட்டை போட்டு, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவேன்.

உம்மில் தங்கியிருந்த,
உம்முடைய அண்ணன் மனைவி,
மச்சாள் வசந்தி
சரவணை