சிரிப்புக்கும் எரிந்த விளக்கு

ஞாயிறு, 17 ஆகஸ்ட் 2003

பாப்பா அழுதால் விளக்கு எரியும்படி, மைக்கும் மைக்ரோகண்ட்ரோலரும் வைத்து நான் செய்த கருவியை இன்று, சமையலறையிலிருந்தும் தெரியும்படி தொட்டிலருகே மாட்டினேன். ஜுரத்தில் காது போன என் மனைவி செல்விக்கு நாளை முதல் பகலில் அதுதான் துணை. எனக்கு லீவு முடிகிறது. ஹெப்பகோடியில் இருக்கும் கம்பெனிக்குப் போக வேண்டும்.

சாயங்காலம் விளக்கு எரிந்தது. செல்வி சமையலறையிலிருந்து பதறி ஓடினாள். பாப்பா கால்களை உதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அழுதா மட்டும் எரியற மாதிரி புரோகிராமை மாத்திடறேன்" என்றேன். என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

"இவ சத்தம் போட்டு சிரிக்கிறாளா?"

தலையாட்டினேன்.

"அப்ப மாத்தாதீங்க. சும்மா ஓடி வந்தாலும் பரவாயில்ல."

விளக்கு அணைந்ததும் குனிந்து பாப்பாவின் வயிற்றில் மூக்கை உரசினாள். உரசிக்கொண்டே விளக்கைப் பார்த்தாள். எரிந்தது.

புரோகிராமை அப்படியே விட்டுவிட்டேன்.