ஏகாம்பரம் அண்ணனின் தொண்டை வால்வு

ஜூலை 7, திங்.
காலையிலேயே புழுக்கம். வல்லம் வடகால் பஸ்ஸில் ஜன்னல் சீட். பக்கத்தில் இருந்தவள் இறங்கும்வரை போனில். ரூம்மேட்டுக்கு நைட் ஷிப்ட். வாசலில் செருப்பு கிடந்தால் ஆள் உள்ளே.

ஏகாம்பரம் அண்ணனுக்கு வைத்த வால்வு, பேச்சுப் பயிற்சி தொடங்கும் முன்பே ஒழுகுகிறதாம். கம்பெனி பஸ் டிரைவர். புற்றுநோயால் குரல்வளையை எடுத்தாயிற்று, மூச்சுவிடக் கழுத்தில் ஒரு துளை. உள்ளே மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் சட்டைப் பட்டன் அளவு சிலிக்கான் வால்வு. என் டிசைன். துளையை விரலால் மூடினால் காற்று வால்வு வழியாகப் போய்க் குரலாகும். விழுங்கும்போது வால்வு மூடிக்கொள்ளணும். மூடலை. தண்ணீர் குடித்தாலே இருமல்.

அவருக்கு ஆபரேஷன் செய்த டாக்டரம்மா போனில்: "உங்க லேப்ல நல்லாத்தான் இருந்திருக்கும். இது மனுஷத் தொண்டை."

சுருக்கென்றது.

ஜூலை 8, செவ்.
தூறல். ஆஸ்பத்திரி. கழற்றிய வால்வை மைக்ராஸ்கோப்பில் பார்த்தோம். மூடியின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை. எங்கள் டெஸ்டிங்கில் வெறும் தண்ணீர்தான். எச்சில், சோறு, மோர் எதுவும் இல்லை.

"எங்க பூஞ்சை பிடிக்கும்னு நான் சொல்றேன். அங்க இடுக்கே இல்லாம நீங்க பண்ணுங்க," என்றார் டாக்டரம்மா.

ஒரே பேப்பரில் இரண்டு பேரும் மாற்றி மாற்றி வரைந்தோம். டீ ஆறிப்போச்சு.

வெளியே அண்ணனின் மனைவி வசந்தா அக்கா. "இன்னா மேடம், மறுபடி பேசுவாரா?" அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 20, புதன்
புது வால்வு ரெடி. எச்சில் மாதிரிக் கலவையில் வாரக்கணக்கில் ஊறியும் ஒழுகலை. ஆஸ்பத்திரி எதிக்ஸ் கமிட்டி அனுமதியும் வந்தாச்சு. நாளை பொருத்துகிறார்கள்.

சாயங்காலம் கடையில் பால் பாக்கெட் கேட்டேன். குரல் கம்மியிருந்தது. காலையிலிருந்து வாயே திறக்கலை போல.

ஆகஸ்ட் 21, வியா.
அண்ணன் தண்ணீர் குடித்தார். காத்திருந்தோம். இருமல் இல்லை. இன்னொரு டம்ளர். இல்லை!

"விரலால மூடிட்டுப் பேசுங்க," என்றார் டாக்டரம்மா.

முதலில் வெறும் காற்று. பிறகு கரகரவென்று: "வசந்தா... இன்னாத்துக்கு அழுவுற?"

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "இது அவரு கொரலே இல்ல."

அண்ணன் மறுபடி விரலை வைத்தார். "பழைய கொரல் மட்டும்... நல்லாவா இருந்துச்சு?"

அக்கா அழுதுகொண்டே சிரித்துவிட்டார். டாக்டரம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார்.

யாரிடமாவது சொல்லணும் போலிருந்தது. ரூமுக்கு ஓடிவந்தேன். செருப்பு இல்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு
வெயில். துணி துவைக்கும்போது தெரியாத நம்பர். காற்றுச் சத்தம் மட்டும். கட் பண்ணப் போனேன்.

"மேடம், ஏகாம்பரம் பேசறேன்."

"என்னாச்சுண்ணே? ஒழுகுதா?"

"அதெல்லாம் இல்ல. சும்மாத்தான். நான் பேசிப்பேசி வூட்ல காது வலிக்குதுன்றா. நீங்க ப்ரீயாக் கீறீங்களா?"

சோப்புக் கையோடு மாடிப்படியில் உட்கார்ந்தேன்.

"ப்ரீதாண்ணே. சொல்லுங்க."