பர்மாவுக்குப் புறப்படுமுன்

அண்ணா,

நீங்கள் உஜோங் பாசிரிலிருந்து மீனோடு திரும்பும்போது நான் சிங்கப்பூர் லாரியில் இருப்பேன். நம் காஜா பெராங் தெரு முனையிலேயே ஏற்றிக்கொள்கிறார்கள். அங்கிருந்து பர்மா. சாவி பக்கத்து வீட்டு சிவகாமி அக்காவிடம்.

கொல்லையில் இருப்பது கசப்பு மரவள்ளி. ரசாயனம் படித்தவள் சொல்கிறேன், ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டாமல் வேகவைக்காதீர்கள். அந்தத் தண்ணீர் குடித்தால் கோழிகூடச் சாகும்.

நேற்று நீங்கள் அறைந்ததில் உதடு இன்னும் வீங்கியிருக்கிறது. "அப்பாவ வயித்துலயே மிதிச்சுக் கொன்னவனுங்க. அவனுங்களோட சேந்து சண்டைக்குப் போறியா, வெக்கங்கெட்டவளே?" என்றீர்கள். அதற்கான பதிலை இப்போது சொல்கிறேன். ஜப்பான்காரனோடு சேர்ந்து வெள்ளைக்காரனை எதிர்க்கும் நம் பெண்கள் படையில் துப்பாக்கி தருவார்கள். அப்பாவை மிதித்த ஜப்பான்காரனும் பர்மாவுக்குத்தான் மாற்றலாகிப் போயிருக்கிறான். அவன் முகம் எனக்கு மறக்கவில்லை. முதல் தோட்டா அவனுக்கு.

படித்ததும் இதை அடுப்பில் போடுங்கள்.

பத்மினி

பி.கு.: படைக்காக முடியை வெட்டிக்கொண்டேன். சடை என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. கொள்ளி வைக்க அப்பாவின் உடம்பு கிடைக்காமல் நீங்கள் அலைந்தது போதும். நான் திரும்பாவிட்டால் அந்தச் சடைக்கு வையுங்கள்.