இருப்பிடம் தெரியவில்லை

இன்று காலை தேனியில் ஒரு டீக்கடைச் சுவரில் ஒருவன் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தான். வாளியிலிருந்து காய்ச்சிய மைதாப் பசையின் வாடை வந்ததும் டீயைக் கீழே வைத்துவிட்டேன். உங்கள் ஞாபகம்தான். இதே மாதிரி ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடைத் தெரு முழுக்க என் பின்னால் நடந்தீர்களே, அந்த நாள்.

'நீங்கள்' என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. நான் கிராம நிர்வாக அலுவலர், நீங்கள் என்னிடம் தலையாரி. என்னைவிடப் பத்து வயது மூத்தவரை, "ஏய்யா, இங்கன வா" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். செத்து இரண்டு வருடம் கழித்து மரியாதை கொடுக்கிறேன். பெரிய மனுஷன் நான்!

ஓடைக்கரை ஆக்கிரமிப்பை எடுக்கச் சொல்லி உத்தரவு. உத்தரவில் தப்பில்லை, மழை வந்தால் அந்தத் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். தப்பெல்லாம் எங்கள் அவசரத்தில். நம் மேலதிகாரிக்கு மற்ற எல்லோருக்கும் முன்னால் முடித்தவர் என்ற பெயர் வேண்டும். வாட்ஸ்அப்பில் மணிக்கொரு தரம் 'ஸ்டேட்டஸ்?' என்று கேட்பார். மனிதருடைய மொத்த அறிவும் அந்தக் கேள்விக்குறிக்குள் அடங்கிவிட்டது. நான் அவரைவிட மோசம். தெருவில் நின்று வீடுகளை எண்ணியே பட்டியல் போட்டேன். யாருக்குப் பட்டா இருக்கிறது என்று பதிவேட்டைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

விடியுமுன்னே ஜீப் ஏறி மலைமேல் ஏலத்தோட்டத்துக்குப் போய்விடுகிற ஜனம் அது. அந்தத் தெருவுக்குப் பகல் பதினோரு மணிக்கு நோட்டீஸ் கொடுக்கப் போனோம். எல்லாக் கதவிலும் பூட்டு. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஆள் இருந்தால் கேள்வி கேட்பார்கள், கதவு கேட்காது. ஒட்டினோம், செல்போனில் படம் பிடித்தோம், அனுப்பினோம். பேச்சியம்மா வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டுத் திரும்புவதற்குள், பசை ருசிக்கு ஓர் ஆடு வந்து காகிதத்தைக் கிழித்துத் தின்ன ஆரம்பித்தது. நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

"சார், மத்தவுக பொழுது சாஞ்சா வந்துருவாக. இந்தப் புள்ள ரெண்டு வாரத்துக்குத் தோட்டத்துலயே தங்கிக் காய் எடுக்குது. அங்கன போனுக்கு டவரும் கெடைக்காது. ஒரே ஒரு நாள் குடுங்க. காலையில மொத ஜீப்புல போயி, கையில குடுத்துக் கையெழுத்து வாங்கிட்டு, சாயங்காலம் வந்துர்றேன்."

"அஞ்சு மணிக்கு ரிப்போர்ட் போகணும்யா. ஒத்தப் பொம்பளைக்காக ஆபீஸே காத்துக் கெடக்கணுமா?"

அறிக்கைத் தாளை நீட்டினேன். வாசகம் ஏற்கெனவே அச்சடித்தது: 'மேற்படியாரின் இருப்பிடம் தெரியவில்லை. ஆகவே நோட்டீஸ் கதவில் ஒட்டப்பட்டது.' கீழே சாட்சியாக உங்கள் கையெழுத்து வேண்டும். நீங்கள் தாளைத் தொடவே இல்லை.

"அது எங்கன இருக்குன்னு எனக்குத் தெரியும் சார். தெரியாதுன்னு எப்படிக் கையெழுத்துப் போட?"

வேலை தெரியாத தடிமாடு என்று தெருவில் வைத்துத் திட்டினேன். தெருமுனை டீக்கடைக்காரனைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினேன். 'பணியில் மந்தம்' என்று உங்களுக்கு ஒரு மெமோ கொடுத்தேன். தோட்டத்துக்குப் போய்விடுவீர்களோ என்று அந்த வாரம் முழுக்க ஆபீஸை விட்டு நகரவிடவில்லை.

பதில் சொல்ல ஏழு நாள் அவகாசம். எட்டாம் நாள் பொக்லைன் வந்தது. மற்ற வீட்டார் சாமான்களையாவது வெளியே எடுத்து வைத்திருந்தார்கள். அடுத்த வாரம் மலையிறங்கிய பேச்சியம்மா, இடிபாட்டுக்குள் நசுங்கிக் கிடந்த தகரப்பெட்டியை நெம்பித் திறந்து, பட்டாவை எடுத்து வந்து என் மேஜையில் வைத்தாள். அவள் அம்மா பேரில் முறையாகக் கொடுத்த பட்டா. அந்த வீடு ஓடைப் புறம்போக்கிலேயே இல்லை. அந்த மாதமே விரைவாகச் செயல்பட்டதற்கு அதிகாரிக்குப் பாராட்டுச் சான்றிதழ். எனக்கும் ஒரு கேடயம். தூ!

பேச்சியம்மா போட்ட வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. நான் ஓய்வும் பெற்றுவிட்டேன். போன வாரம்தான் என் சாட்சி. முந்தின நாள் அதே அதிகாரி போனில் பேசினார். "தலையாரிதான் போயிட்டாரே. இருப்பிடம் தெரியாதுன்னு அவர்தான் சொன்னார்னு சொல்லிடுங்க. முடிஞ்சுது." எவ்வளவு லேசாகச் சொன்னார் பாருங்கள்! உயிரோடு இருந்த உங்களிடம் ஒரு கையெழுத்து வாங்க முடியாத ஆட்கள், செத்த பிறகு உங்கள் வாயில் பொய்யைத் திணிக்கப் பார்த்தோம். ஆமாம், பார்த்தோம்தான். பென்ஷனுக்கு ஏதும் வந்துவிடுமோ என்று நானும் ஒரு மணி நேரம் யோசித்தேன்.

மறுநாள் கூண்டில் ஏறி உள்ளதைச் சொன்னேன். அவள் இருக்கும் இடம் தலையாரிக்குத் தெரியும், என்னிடம் சொன்னார், ஒரு நாள் கேட்டார், நான் கொடுக்கவில்லை. எங்கள் தரப்பு வக்கீலின் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

வெளியே வராந்தாவில் பேச்சியம்மா நின்றிருந்தாள். இரண்டு நல்ல வார்த்தை சொல்வாள் என்று, வெட்கங்கெட்டவன், பக்கத்தில் போய் நின்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"தலையாரி அண்ணே அன்னைக்கே சொன்னாகள்ல? அவுகளுக்கு மெமோ குடுத்தீக. வீடு போன பெறகு வந்து உண்மையச் சொல்றீகளே, ஒங்களுக்கு நான் என்ன குடுக்க?"

பஸ் ஏறி வந்துவிட்டேன். அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் அலைகிறேன், அண்ணே.