இரண்டாவது ஆளுக்கான இசை

அண்ணாவுக்கு,

இல்லை, அந்த மெட்டை நான் இட்டுக்கட்டவில்லை. இணையத்தில் ரசிகர் குழுவில்தான் இட்டுக்கட்டினேன் என்கிறார்கள். நம் பழைய வீடியோ கேமின் இசையை எடுத்து, வேகத்தைக் குறைத்து, சில இடங்களில் பின்னோக்கி ஓடவிட்டு, ஒரு ரீமிக்ஸ் செய்து அங்கே போட்டிருந்தேன். நடுவில் வரும் மெட்டு கேமிலேயே கிடையாதாம். வேறு யாராவது கேட்டதாகச் சொன்னால்தான் விட்டுவைப்பார்களாம்.

இரண்டாவது ஆள் வந்து சேருவதற்காகத் திரை காத்திருக்குமே, அப்போது வரும் மெட்டு அது. எதையும் அழுத்தாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தால்தான் கேட்கும். யார் உட்காருவார்கள்? நான் உட்கார்ந்தேன். நீ மாடிப்படியில் போனும் கையுமாக நின்று, என்னிடம் "இருடி பிசாசே, தோ வந்துட்டேன்!" என்பாய். மறுமுனையில் அண்ணி. அப்போது அவரை அண்ணி என்று சொல்ல முடியாது. இப்போதும் அப்பா முன்னால் முடியாது.

உன் பேச்சு வந்தால் அப்பா டிவி சத்தத்தைக் கூட்டிவிடுகிறார். உன் அறையில் துணி காயப்போடுகிறோம். நான் நன்றாக இருக்கிறேன்.

நீ உள்ளே வரும்போது அந்த மெட்டின் கடைசித் துளி உன் காதிலும் விழுந்திருக்கும். அதைக் குழுவினருக்கு ஒரு வரி எழுதச் சொல்லிக் கேட்கத்தான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். இத்தனை நாள் கழித்து உன்னிடம் சாட்சியா கேட்பது? வேண்டாம். நீ ஒருமுறை முழுதாகக் கேட்டால் போதும்.

ரீமிக்ஸை இத்துடன் இணைத்திருக்கிறேன். குழுவில் இருந்ததை நானே நீக்கிவிட்டேன்.

தங்கை